டொராண்டோவில் இருந்துகொண்டு திருப்பூர் கம்ப்யூட்டரில் வேலை பார்க்க என்ன மென்பொருள், என்ன ஏற்பாடு

2024 ஆகஸ்ட் 11. டொராண்டோவில் காலை மணி பதினொன்று, திருப்பூரில் இரவு எட்டரை. மகள் வீட்டுச் சமையலறை மேசையில் அவளுடைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு மாடியறைக் கம்ப்யூட்டரைத் திறந்து ஜிஎஸ்டிஆர் 1 (ஜிஎஸ்டிக்கான மாத விற்பனைக் கணக்கு) போட்டுக்கொண்டிருந்தேன். பில்கள் எல்லாம் ஏறிவிட்டன, மொத்தமும் டேலி கணக்கு மென்பொருளோடு ஒத்துப்போனது. கடைசியாக டிஜிட்டல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சான்றிதழ் எதுவும் இல்லை என்று வந்தது. அந்தச் சான்றிதழ் இருக்கிற யுஎஸ்பி டோக்கன் வீட்டில் சொருகித்தான் இருக்கிறது. என் கணவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, பச்சை லைட் எரியுதுங்களா?" என்று கேட்டேன். "எரியுது" என்றார். ஆனாலும் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. இந்திய நேரம் நள்ளிரவோடு கெடு முடிகிறது. டொராண்டோவில் அது மதியம் இரண்டரை மணி.

எங்களுடையது சின்ன எலாஸ்டிக் கம்பெனி. பனியன் கம்பெனிகளுக்கு இடுப்பு எலாஸ்டிக் ஓட்டிக் கொடுக்கிறோம். தறி, ஆள், டெலிவரி எல்லாம் அவர் பார்க்கிறார். கணக்கு முழுக்க என் பொறுப்பு. மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் கிளம்பியபோது கணக்கை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனசில்லை, கொடுக்கவும் ஆளில்லை. அதனால் வெளியூரிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்க ஒரு வழி தேடினேன். அந்த முறை தெரியாமல் செய்ததையும், அடுத்த வருடம் மறுபடி போனபோது சரியாகச் செய்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பிள்ளைகள் வீட்டுக்கு மாதக்கணக்கில் போய்வருகிற என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இதை என்னிடம் கேட்கிறார்கள்.

எந்த மென்பொருள் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், அதுதான் தப்பு. உங்கள் வேலை என்ன, வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் எப்படிப்பட்டது, வீட்டில் யார் இருக்கிறார்கள், கரண்ட் எப்படி வந்துபோகிறது என்று நான்கையும் பார்த்துவிட்டால் மென்பொருள் தானாக முடிவாகிவிடும்.

உங்களுக்கு முழுக் கம்ப்யூட்டரும் வேண்டுமா?

பலருக்கு வேண்டாம். பத்திர நகல், பாஸ்போர்ட் ஸ்கேன், பழைய பில், போட்டோ, ஒரு எக்செல் ஃபைல் என்று கோப்புகள்தான் தேவை என்றால் கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ போட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்புங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் ஓடவிட வேண்டியதே இல்லை. இந்தக் கட்டுரையின் மீதியும் உங்களுக்குத் தேவைப்படாது.

அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடுகிற ஏதோ ஒன்று இருக்கிறதென்றால்தான் ரிமோட் வேண்டும். எனக்கு மூன்று காரணங்கள். டேலியின் லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கையெழுத்து டோக்கன் அதில்தான் சொருக வேண்டும். மூன்றாவதை அங்கே போன பிறகுதான் உணர்ந்தேன். நம் ஊர் அரசுத் தளங்கள் சில வெளிநாட்டிலிருந்து நேராகத் திறப்பதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அங்கிருந்து திறந்தால், அந்தத் தளத்துக்கு அது திருப்பூரிலிருந்து வருகிற ஆள்தான்.

வீட்டில் பார்க்க வேண்டிய மூன்று விஷயம்

முதலில் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் ஹோமா ப்ரோவா என்று போட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வசதியில் வெளியிலிருந்து உள்ளே வர, வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் ப்ரோவாக இருக்க வேண்டும். ஹோம் பதிப்பில் வேறொரு கம்ப்யூட்டருக்குள் போகலாம், அதற்குள் யாரும் வர முடியாது. கடையில் ரெடியாக விற்கிற பெரும்பாலான லேப்டாப்புகளில் ஹோம்தான் இருக்கும். என் தங்கை மகன் எங்கள் சிஸ்டத்தை அசெம்பிள் செய்தபோதே ப்ரோ போட்டுக் கொடுத்திருந்தான். இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறது என்றால், 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. அந்த நிலையில் இருக்கிற கம்ப்யூட்டரை வெளியிலிருந்து திறக்கிற ஏற்பாட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முதலில் 11-க்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, உங்கள் இன்டர்நெட் இணைப்பு. பழைய வழிகாட்டிகளில் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக ரூட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வருகிற வழியை, திறந்துவிடச் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா என்று உலகம் முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்து, கோப்புகளையெல்லாம் பூட்டிப் பணம் கேட்கிற கும்பல்களுக்கு இது பிடித்தமான வாசல். 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, கைவிட்டுப் பல வருடமான விண்டோஸ் எக்ஸ்பி-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது. அவ்வளவு ஆபத்தாகக் கருதினார்கள். அதுவும் போக, நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் போர்ட்டைத் திறந்தாலும் வேலை செய்யாது. ஒரே வெளி முகவரியை நிறைய வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் WAN என்று போட்டிருக்கிற முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் உங்களுடையதும் அந்த வகைதான். இதற்காகக் கவலைப்பட வேண்டாம். கீழே நான் சொல்லப் போகிற எல்லாம் இந்த இணைப்பிலும் வேலை செய்யும்.

மூன்றாவது, கம்ப்யூட்டரில் என்னவெல்லாம் சொருகியிருக்கிறது. டோக்கன், பிரின்டர், பழைய சாஃப்ட்வேருக்கான டாங்கிள் எதுவானாலும் ஒரு தாளில் எழுதுங்கள். நான் இதை எழுதாமல் போனதால்தான் ஆகஸ்ட் 11 அப்படி ஆனது.

நான் பார்த்த மென்பொருள்கள்

டீம்வியூவர், எனிடெஸ்க் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். நன்றாகவே வேலை செய்கின்றன. எனிடெஸ்கில் ஃபோனிலிருந்து வேலை பார்ப்பதும் வசதி, எஃப் வரிசைக் கீகளைத் தனியாகக் காட்டும். ஆனால் இரண்டிலும் இலவசம் என்பது சொந்த உபயோகத்துக்கு மட்டும். கம்பெனிக் கணக்கு பார்ப்பது சொந்த உபயோகம் ஆகாது. தொழில் உபயோகம் என்று சந்தேகம் வந்தால் இணைப்பைப் பாதியில் துண்டிக்கவும் செய்வார்கள். கெடு நாளில் அப்படி நடந்தால் என்ன செய்வது? பணம் கட்டி வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை பயணம் போகிற எனக்கு அது கட்டுப்படியாகவில்லை. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டதாக அறிவித்து, இணையக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை ரத்து செய்தது. அதை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பழைய பதிப்பைத் தொடராமல் புதியதை ஏற்றிக்கொள்ளுங்கள்.

ரஸ்ட்டெஸ்க் என்று ஒன்று இருக்கிறது. திறந்த மூல மென்பொருள். சொந்தமாக ஒரு சர்வர் வைத்து நடத்தத் தெரிந்தவர்களுக்கு மிக நல்லது, எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது. பார்செக் விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும். கணக்கு வேலைக்கு அது தேவையில்லை.

நான் முதலில் எடுத்தது மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப்பையும் டெயில்ஸ்கேலையும் சேர்த்து. டெயில்ஸ்கேல் என்பது உங்கள் கருவிகளுக்குள் மட்டும் ஒரு தனி வழி போட்டுக் கொடுப்பது. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் கையில் கொண்டுபோகிற லேப்டாப்பிலும் போட்டு, ஒரே கூகுள் கணக்கில் நுழைந்தால் இரண்டுக்கும் ஒவ்வொரு முகவரி கிடைக்கும். ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம். அந்த முகவரியை ரிமோட் டெஸ்க்டாப்பில் போட்டால் வீட்டுக் கம்ப்யூட்டர் வந்துவிடும். மேக்கிலும் ஐஃபோனிலும் அந்த ரிமோட் டெஸ்க்டாப் இப்போது விண்டோஸ் ஆப் என்ற பெயரில் இருக்கிறது.

இதில் மூன்று இடத்தில் கால் இடறும். விண்டோஸைத் திறக்க நாம் தினமும் போடுகிற நான்கு இலக்கப் பின் இங்கே செல்லாது, கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பின்னையே போட்டுப் பழகியதில் பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள் ஏராளம். கிளம்பும் முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அடுத்தது, டெயில்ஸ்கேல் அமைப்பில் யாரும் உள்நுழையாதபோதும் ஓடட்டும் என்று ஒரு குறி இருக்கும். அதைப் போடாவிட்டால் கரண்ட் போய் வந்து கம்ப்யூட்டர் தானாக எழுந்த பிறகு, யாராவது பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகும்வரை இணைப்பு வராது. கடைசியாக, ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கிற அனுமதி வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதப் பயணத்தின் கடைசி வாரத்தில் கதவு மூடிக்கொள்ளும் என்று அர்த்தம். டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்தக் காலாவதியை நிறுத்தி வையுங்கள்.

வேகத்தில் இதை மிஞ்ச எனக்கு வேறு கிடைக்கவில்லை. டொராண்டோவிலிருந்து ஒரு கீயை அழுத்தி அது திருப்பூர் போய்த் திரும்பி வர ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது, தூரம் அப்படி. மௌஸை நகர்த்தும்போதுதான் அந்தத் தாமதம் எரிச்சல் தரும். டேலியில் கீபோர்டிலேயே வேலை ஓடுவதால் இரண்டே நாளில் கை பழகிவிட்டது. மகளுடையது மேக். அதில் எஃப்5 அழுத்தினால் டேலியில் பேமென்ட் வவுச்சர் வராது, மேக்கின் வேறு ஏதாவது வேலை நடக்கும். எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நம்பர் பேட் இல்லாத லேப்டாப்பில் பில் ஏற்றுவது பெரிய கஷ்டம். யுஎஸ்பி-யில் சொருகும் சின்ன நம்பர் பேட் ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள்.

டோக்கன் ஏன் தெரியவில்லை

ஆகஸ்ட் 11-க்கு வருகிறேன். காரணம் இதுதான். மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஸ்மார்ட் கார்டு வகைக் கருவிகளை அது நாம் உட்கார்ந்திருக்கிற பக்கத்தில் தேடும். ஆபீஸ் ஊழியர் தன் அடையாள அட்டையைத் தன் லேப்டாப்பில் சொருகித் தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். நம் கையெழுத்து டோக்கனும் ஸ்மார்ட் கார்டு வகைதான். அதனால் திருப்பூரில் சொருகிய டோக்கனை விட்டுவிட்டு, டொராண்டோவில் மகளின் லேப்டாப்பில் டோக்கன் இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது. பழுது ஏதும் இல்லை, அதன் இயல்பே அது.

கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை வேறு விதம். அவை வீட்டு மானிட்டரில் தெரிகிற அதே திரையை நமக்குக் காட்டுகின்றன. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நாம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். அதில் சொருகிய டோக்கன் நமக்கும் தெரியும், பக்கத்தில் இருக்கிற பிரின்டரும் தெரியும்.

தங்கை மகன்தான் வாட்ஸ்அப்பில் பேசி இதைப் புரியவைத்தான். ஏற்கெனவே உள்ளே இருந்த இணைப்பின் வழியாகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்றினேன். ரீஸ்டார்ட் கொடுத்தேன். அது திரும்ப எழும்வரை அந்த இரண்டு நிமிஷமும் வயிற்றைப் பிசைந்தது. புதிய வழியாக உள்ளே போய்க் கையெழுத்துப் பக்கத்தைத் திறந்தேன், பட்டியலில் என் பெயர் இருந்தது. டோக்கன் பின் போட்டு ஃபைல் ஆனபோது டொராண்டோவில் மணி ஒன்றேகால். ஒரு நாள் தாமதமானாலும் ஐம்பது ரூபாய் என்று ஏறும் என்பது இருக்கட்டும். நாங்கள் ரிட்டர்ன் போடாவிட்டால் எங்களிடம் வாங்குகிற பனியன் கம்பெனிக்கு, எங்களுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்கிற அந்த மாத வரி வரவு காட்டாது. அவர்கள் ஃபோன் போட்டுக் கேட்பார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அன்றிலிருந்து இரண்டையும் வைத்திருக்கிறேன். பில் ஏற்றுகிற நாள்களில் டெயில்ஸ்கேலும் ரிமோட் டெஸ்க்டாப்பும். கையெழுத்துப் போடுகிற நாளில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப். ஒன்று மக்கர் செய்தால் மற்றதன் வழியாகப் போய்ச் சரிசெய்யலாம். இதுவே இரண்டு வைத்திருப்பதன் பெரிய லாபம். ஒரே ஒன்றுதான் வேண்டும் என்றால், ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களும் டோக்கன் வைத்திருப்பவர்களும் யோசிக்காமல் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை எடுங்கள். பணம் இல்லை, ஒரு கூகுள் கணக்கும் குறைந்தது ஆறு இலக்கப் பின்னும் போதும். கோப்புகளை ஏற்றவும் இறக்கவும் வசதி இருக்கிறது. அதைத் தேடும்போது மேலே விளம்பரமாக வருகிற முகவரிகளை அழுத்தாமல் கூகுளின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். சீனா போகிறவர்களுக்கு மட்டும் இது உதவாது. அங்கே கூகுள் சேவைகள் தடை.

இதில் ஒரு குறையும் உண்டு. நாம் செய்வதெல்லாம் வீட்டு மானிட்டரில் அப்படியே தெரியும். மாடிக்கு யாராவது வந்தால் லெட்ஜரை நின்று படிக்கலாம். நான் மானிட்டரின் பட்டனை மட்டும் அணைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கேபிளைக் கழற்றினால் சில கம்ப்யூட்டர்களில் திரையே வராது, அல்லது எழுத்துப் பூதாகாரமாக வரும். மானிட்டரே இல்லாத ஏற்பாடு என்றால் ஹெச்டிஎம்ஐ டம்மி பிளக் என்று கேளுங்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

டோக்கனை ஆறு மாதமும் சொருகியே வைக்கக் கூடாது. அது என் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட காசோலைப் புத்தகத்தை மேசையில் விட்டுப் போவோமா? பீரோவில் இருக்கும். ரிட்டர்ன் போடுகிற 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் காலையில் அவர் எடுத்துச் சொருகுவார், முடிந்ததும் எடுத்து வைத்துவிடுவார். சான்றிதழ் எப்போது காலாவதி என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். புதுப்பிக்க வீடியோவில் முகம் காட்டுவது, ஓடிபி என்று வேலை இருக்கிறது, வெளிநாட்டில் இருந்துகொண்டு அல்லாட வேண்டியிருக்கும். டோக்கனின் பின் நிச்சயமாகத் தெரியாமல் ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள். சில முறை தப்பானால் பூட்டிக்கொள்ளும்.

பேங்க் வேலையை நான் ரிமோட்டில் செய்வதில்லை. இது என் சொந்தக் கட்டுப்பாடு. வரிக்கான சலானை நெஃப்ட் முறையில் போட்டு, டொராண்டோவிலிருந்தே பிரின்ட் கொடுப்பேன். திருப்பூர் மாடியறையில் பிரின்டர் ஓடும். "வந்திருச்சு அம்மிணி" என்று அவர் ஃபோனில் சொல்வார். காசோலையோடு அவரே பேங்கில் கொடுத்துவிடுவார்.

கரண்ட்

நம் ஊருக்கு இதுதான் பெரிய பாடு. பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலையிலிருந்து மதியம் தாண்டியும் கரண்ட் இருக்காது. யுபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். கம்ப்யூட்டர் அணைந்துவிட்டால் உலகத்தின் எந்த மென்பொருளாலும் உள்ளே போக முடியாது.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் கீயையோ எஃப்2-வையோ தட்டிக்கொண்டிருந்தால், விண்டோஸ் வருவதற்கு முன்னால் பயாஸ் என்கிற அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் பவர் பகுதியில், கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ், ஏசி பேக் என்று போர்டுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதைப் பவர் ஆன் என்று மாற்றிச் சேமியுங்கள். இனி கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாக எழும். லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி கிடையாது. வீட்டில் விட்டுப் போக டெஸ்க்டாப்பே நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

யுபிஎஸ் இருக்கிற இடத்தில் இதில் ஒரு சிக்கல் வரும். பேட்டரி இறங்கும்போது கம்ப்யூட்டர் ஒழுங்காக ஷட்டவுன் ஆகி, யுபிஎஸ் முழுதாக ஓய்வதற்குள் கரண்ட் வந்துவிட்டால், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போனதே தெரியாது. அதனால் எழாது. எங்கள் வீட்டில் இப்படி இரண்டு முறை ஆனது. அவர் போய்ப் பட்டனை அழுத்தினார், அவ்வளவுதான். வேக் ஆன் லேன் என்று தூரத்திலிருந்தே எழுப்புகிற முறை இருக்கிறது. அதற்குக் கேபிள் இணைப்பும், வீட்டில் எப்போதும் ஓடுகிற இன்னொரு கருவியும் வேண்டும். வீட்டில் ஒரு ஆள் இருந்தால் அந்தச் சிரமம் வேண்டாம். ஆளே இல்லாமல் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் அதைப் படித்துச் செய்து வையுங்கள்.

ஃபைபர் மோடத்தையும் ரூட்டரையும் இன்வர்ட்டர் லைனில் போடுங்கள். கம்ப்யூட்டரை வைஃபை-யில் விடாமல் ரூட்டரோடு கேபிளில் இணையுங்கள். விண்டோஸில் ஸ்லீப் என்பதை நெவர் என்று மாற்றுங்கள். திரை அணையலாம், கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது. அப்டேட் எல்லாவற்றையும் கிளம்பும் முந்தின வாரமே முடித்துவிடுங்கள். பிறகு கெடு வருகிற வாரத்தில் மட்டும் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கிறேன். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன.

சாவிகள்

இரண்டு வழிக்குமே வாசல் என் கூகுள் கணக்குதான். அது யார் கைக்கோ போனால் வீடே போனது போல. இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் போடுங்கள். ஆனால் புது நாட்டிலிருந்து புது லேப்டாப்பில் நுழையும்போது கூகுள் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்கும். எஸ்எம்எஸ் வரும் என்று நம்பி இந்திய சிம்மில் ரோமிங் போடாமல் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். ரோமிங்கை ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அதோடு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பேக்கப் கோடுகள் கிடைக்கும். எட்டு இலக்கத்தில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும். அதை அச்செடுத்துக் கைப்பையில் ஒரு பிரதி, வீட்டு பீரோவில் ஒரு பிரதி வைத்தேன். இரண்டாம் பயணத்தில் இறங்கிய அன்றே ஒன்று தேவைப்பட்டது.

ஹோட்டலிலோ நூலகத்திலோ இருக்கிற பொதுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வீட்டைத் திறக்காதீர்கள். நம் பாஸ்வேர்டை அது எழுதி வைத்துக்கொள்கிறதா என்று நமக்குத் தெரியாது.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போங்கள். பேங்கிலிருந்து பேசுகிறேன், கேஒய்சி புதுப்பிக்க வேண்டும், இந்த ஆப்பை ஏற்றி அதில் வருகிற எண்ணைச் சொல்லுங்கள் என்று ஃபோன் வரும். எனிடெஸ்க் போன்ற ரிமோட் ஆப்களை ஏற்றவைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இன்னும் அது நிற்கவில்லை. நாமே ரிமோட் வைத்திருக்கிற வீட்டில் இந்த ஆபத்து கூடுதல். ஏனென்றால், "அம்மா ஏதோ வைத்திருக்கிறாள், அது சம்பந்தமாகத்தான் கேட்கிறார்கள்" என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் விதி இதுதான்: கம்ப்யூட்டரைப் பற்றி என் குரலில் நான் பேசினால் மட்டும் தொட வேண்டும். வேறு யார் பேசினாலும் ஃபோனை வைத்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் பத்து நாள்

ஏற்பாட்டை முந்தின நாள் செய்யாதீர்கள். பத்து நாளாவது முன்பே முடித்துவிட்டு, அந்தப் பத்து நாளும் வீட்டிலேயே வெளியூர்க்காரர் மாதிரி வேலை பாருங்கள். லேப்டாப்பை வீட்டு வைஃபை-யிலிருந்து பிரித்து, ஃபோனின் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு இணைய வேண்டும். வீட்டு வைஃபை-யில் இருந்துகொண்டு சோதித்தால் எல்லாம் வேலை செய்வதாகத்தான் தெரியும், அதை நம்பக் கூடாது. நான் கீழ்த்தளத்தில் உட்கார்ந்துகொண்டு மாடிக் கம்ப்யூட்டரில் ஒரு முழு நாளின் பில்களை ஏற்றிப் பார்த்தேன்.

அப்படியே ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். யாரும் பாஸ்வேர்டு போடாமலே உங்களால் உள்ளே போக முடிகிறதா? பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, யுபிஎஸ் ஓய்ந்து எல்லாம் நின்ற பின் போடுங்கள். எத்தனை நிமிஷத்தில் திரும்ப உங்கள் கைக்கு வருகிறது என்று பாருங்கள். எங்களுக்கு மோடம் எழுந்து இணைப்பு வர ஆறு நிமிஷம் ஆனது. அது தெரிந்திருந்ததால் டொராண்டோவில் ஐந்தாவது நிமிஷத்தில் பதறவில்லை. டோக்கன் இருந்தால் சும்மா சொருகிப் பார்ப்பதோடு நிற்காமல், ஒரு பிடிஎஃப்-பில் உண்மையாகவே கையெழுத்துப் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவருக்கு ஒரு தாள். நான் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். வெள்ளை டப்பா மோடம், அதன் சுவிட்ச் இது. கருப்பு டப்பா ரூட்டர். கம்ப்யூட்டர் பட்டனை ஒருமுறை மட்டும் அழுத்த வேண்டும், பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. டோக்கனை முன்பக்கத்தில் இடது ஓட்டையில் சொருக வேண்டும். சுவிட்சுகளிலும் 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். ஃபோனில் "இரண்டை அணைச்சுப் போடுங்க" என்றால் போதும்.

திரும்பி வந்த அன்றே செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. களைப்பில் விட்டுவிடாதீர்கள். மகளின் லேப்டாப்பில் என் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் டெயில்ஸ்கேல் பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்பை நீக்கினேன். குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பின் அனுமதியை எடுத்தேன். விண்டோஸின் ரிமோட் வசதியை ஆஃப் செய்தேன். பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுத்துப் பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். சுவரில் ஒட்டிய தாளை மட்டும் எடுக்கவில்லை. பேத்தியின் இரண்டாவது பிறந்த நாளுக்கு மறுபடி போகிறேன்.